காவல் நாயும் வீட்டு வாசற்படியும்

  

நாய் என்ற பேச்சை எடுத்தாலே நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுகிறார்கள். ஒரு கட்சியார், "நாயா? அது ஹராம்! அதன் நிழல் கூட மேலே படக்கூடாது!" என்று முகத்தைச் சுளிப்பார்கள். மற்றொரு கட்சியார் கைத்தொலைபேசியில் இரண்டு நிமிஷம் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இஸ்லாத்தில் நாய்க்குத் தடையே இல்லை, எல்லாம் நம் கிழவர்கள் கட்டிவிட்ட கதை" என்று மார் தட்டுவார்கள். இரு சாராரிடமும், "ஐயா, இதற்கு ஆதாரம் எந்தக் கிதாபில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

நாம் பெரிய ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படித்ததும், மார்சிலிங்கில் அரிசி மூட்டைக்கும் பருப்புச் சாக்குக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, கடைக்கு வரும் பெரியோர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுமே நம்முடைய முதல். அந்த முதலைக் கொண்டே இவ்விஷயத்தைச் சங்கத்து இதழில் எழுதத் துணிந்தோம். எழுதும்படியான காரணம் ஒன்று சமீபத்தில் நேர்ந்தது. அதைப் பின்னால் சொல்லுவோம்.

முதலில் ஹதீஸைப் பார்ப்போம். ஆட்டு மந்தையைக் காப்பதற்காகவோ, வேட்டைக்காகவோ, பயிர் நிலத்தைக் காப்பதற்காகவோ அன்றி நாய் வளர்ப்பவருடைய நன்மையிலிருந்து தினந்தோறும் ஒரு கீராத் குறைந்துகொண்டே போகும் என்ற கருத்துப்பட நம் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்களும், ஹஜ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்களும் இதை அறிவித்திருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. சில அறிவிப்புகளில் இரண்டு கீராத் என்று வந்திருக்கிறது. கீராத் என்றால் எவ்வளவு? ஜனாஸாத் தொழுகையைப் பற்றிய ஹதீஸில் ஒரு கீராத் உஹது மலை அளவு என்று வருகிறது. இங்கேயும் அதே அளவுதானா என்பதை அல்லாஹ்வே அறிவான் என்று உலமாக்கள் விட்டு விட்டார்கள். ஒரு வியாபாரி என்ற முறையில் நாம் சொல்லுகிறோம்: தினந்தோறும் பெட்டியிலிருந்து ஒரு தொகை குறைகிறதென்றால், அது சிறிய தொகையா பெரிய தொகையா என்று விசாரித்துக் கொண்டிருப்பவன் வியாபாரியல்ல. ஓட்டையைத்தான் முதலில் தேடுவான்.

ஆனால் இந்த ஹதீஸின் மற்றொரு பாதியை நம்மவர்கள் ஏனோ வாசிப்பதேயில்லை! மந்தைக்கு உண்டு, வேட்டைக்கு உண்டு, பயிருக்கு உண்டு என்று பெருமானாரே விலக்கு அளித்திருக்கிறார்கள். திருமறையில் மாயிதா சூராவில், பழக்கப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்துக் கொடுப்பதை அல்லாஹ்வின் பெயர் சொல்லி உண்ணலாம் என்று அனுமதி வந்திருக்கிறது. நாய் முற்றிலும் ஆகாத ஜந்துவாயிருந்தால் அதன் உழைப்பை நமக்கு ஆகுமாக்கியிருப்பானா அல்லாஹ்? அவன் படைப்பில் வீண் என்று ஒன்று உண்டா?

வீட்டைக் காக்க நாய் வைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில் இதைப் பேசுகிறார்கள். நம் ஷாபிஈ மத்ஹபில் இதில் இரண்டு அபிப்பிராயம் உண்டு என்றும், சரியான அபிப்பிராயம், ஹதீஸில் வந்த மூன்றையும் வைத்து யூகித்து, தேவை இருக்குமானால் வீட்டுக் காவலுக்கும் கூடும் என்பதே என்றும் எழுதுகிறார்கள். கவனியுங்கள்! 'தேவை' என்பதுதான் சாவி. அந்தச் சாவி இல்லாமல் இந்தப் பூட்டைத் திறக்க முடியாது. கைரவானில் வாழ்ந்த மாலிகி மத்ஹபின் பெரிய இமாம் இப்னு அபீ ஸைத் அவர்கள், வீட்டுச் சுவர் இடிந்து, பகைவர் பயமும் இருந்தபோது வாசலில் நாயைக் கட்டினார்களாம். இமாம் மாலிக் இதை வெறுத்தார்களே என்று ஒருவர் கேட்க, இமாம் மாலிக் நம் காலத்தில் இருந்திருந்தால் நாய் என்ன, சிங்கத்தையே கட்டியிருப்பார்கள் என்ற பொருளில் பதில் சொன்னதாக ஒரு சம்பவத்தைச் சொல்லுவார்கள். மார்சிலிங்கில் பத்தாவது மாடியில், இரும்புக் கதவுக்கு உள்ளே மரக்கதவு, கீழே மின்தூக்கிக்குக் காமிரா என்று இருக்கும் வீட்டில் எந்தச் சுவர் இடிந்தது என்று நாம் கேட்டால் கோபித்துக் கொள்ளக்கூடாது.

நிற்க. நாய் கூடும் என்றால் அது எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் நமது தலைப்பு. இங்கே கஹ்பு சூராவுக்கு வாருங்கள். ஈமானைக் காத்துக்கொள்ள ஊரை விட்டு ஓடிய வாலிபர்கள் குகையில் முந்நூறு வருஷத்துக்கு மேல் உறங்கினார்கள். அவர்களோடு ஒரு நாயும் சென்றது. அந்த நாய் எங்கே இருந்தது என்பதைத் திருமறை சொல்லாமல் விடவில்லை. குகையின் வாசற்படியிலே முன்னங்கால் இரண்டையும் நீட்டிப் படுத்திருந்ததாக வருகிறது. உள்ளே வாலிபர்களின் மத்தியில் அல்ல. வெளியே எங்கேயோ காட்டிலும் அல்ல. வாசற்படியிலே! அந்தக் குகைவாசிகள் எத்தனை பேர் என்று ஜனங்கள் தர்க்கம் செய்ததைச் சொல்லும்போதும், மூவர், நாலாவது அவர்களது நாய் என்றும், ஐவர், ஆறாவது அவர்களது நாய் என்றும், எழுவர், எட்டாவது அவர்களது நாய் என்றும் ஒவ்வொரு கணக்கிலும் அந்த நாயைச் சேர்த்தே எண்ணியிருக்கிறது. கியாமத்து நாள் வரையில் ஓதப்படும் வேதத்தில் ஒரு நாய்க்கு இத்தனை கணக்கு! தப்ஸீர்க்காரர்கள் சிலர் அதற்குக் கித்மீர் என்று பெயரும் சொல்லியிருக்கிறார்கள்.

வாசற்படி என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு மலக்குமார்களின் ஹதீஸைப் பாருங்கள். நாயும் உருவப்படமும் உள்ள வீட்டில் மலக்குமார்கள் நுழைவதில்லை என்று ஹஜ்ரத் அபூதல்ஹா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு சமயம் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வருவதாகச் சொன்ன நேரத்தில் வரவில்லை. பெருமானார் வருந்தினார்கள். பிறகு பார்த்தால் கட்டிலுக்குக் கீழே ஒரு நாய்க்குட்டி! அதை வெளியே கொண்டுபோகச் செய்து, அது இருந்த இடத்தில் தண்ணீர் தெளித்தார்கள்.  குட்டியை யாரும் அடிக்கவில்லை, மிதிக்கவில்லை. நுழையாத மலக்குகள் என்றால் ரஹ்மத்துடைய மலக்குகளே தவிர, நம் நன்மை தீமைகளை எழுதும் மலக்குகள் ஒரு நிமிஷமும் நம்மை விட்டுப் பிரிவதில்லை என்றும் பெரியோர் விளக்கியிருக்கிறார்கள். (வட்டிக் கணக்கு எழுதும்போது அறையில் ஒரு நாயைக் கட்டிக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.) மந்தை நாய், வேட்டை நாய் போன்ற அனுமதியுள்ள நாய்களுக்கு இந்த ஹதீஸ் பொருந்தாது என்று இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்கள் கூறினார்கள். எல்லா நாய்க்கும் பொதுவானது என்பதே இமாம் நவவீயின் கொள்கை. ஆகவே அனுமதியுள்ள நாயையும் உறங்கும் அறைக்குள், தொழும் பாயருகில் கொண்டுவராமல் இருப்பதே பேணுதல்.

மந்தை நாயின் குணத்தை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது. நமது இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கம் போவதை ஊரில் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுவார்கள். இரவெல்லாம் ஆடுகள் அங்கே அடைந்து கிடக்கும்; அதன் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த வெள்ளாமைக்கு உரம். நிலக்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். அந்தக் கிடையை நரிக்கும் திருடனுக்கும் விடாமல் காப்பது யார்? கீதாரி கயிற்றுக் கட்டிலில் கண் அயர்ந்தாலும் அயராத கிடை நாய்! அது கஞ்சி குடிக்கும், பகலெல்லாம் நிழலில் சோம்பிக் கிடக்கும். பொழுது சாய்ந்தால் எழுந்து கிடையைச் சுற்றி வரும். அதன் வீடு கிடைதான்.

உலகம் முழுவதும் இப்படியே. துருக்கி தேசத்தில் சிவாஸ் மாகாணத்தில் காங்கல் என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய நாய் ஐம்பது அறுபது கிலோ எடைக்கு வளரும். ஓநாய் கழுத்தைக் கவ்வாதிருக்க இரும்பு முள் வைத்த பட்டையை அதற்குக் கட்டுவார்கள். காஷ்மீரத்து மலைகளில் ஆடு மேய்க்கும் நம் முஸ்லிம் சகோதரர்களான பக்கர்வால் கூட்டத்தாரிடமும் அவர்கள் பெயராலேயே ஒரு நாய் இருக்கிறது. இந்த நாய்களைக் குட்டியாயிருக்கும்போதே ஆடுகளோடு விட்டுவிடுவார்கள். ஆட்டின் நாற்றத்திலும் ஆட்டின் சூட்டிலும் வளர்ந்து, ஆடுகளையே தன் இனமாக அது எண்ணிக்கொள்ளுகிறது. ஆட்டை விரட்டி ஓட்டும் நாய் வேறு. இது ஓட்டாது, மந்தையின் நடுவே படுத்திருக்கும், அந்நியன் வந்தால் குரைத்து எச்சரிக்கும், பிறகே பாயும். ஆப்பிரிக்காவில் நமீபியா தேசத்தில், ஆட்டைத் தின்ன வரும் சிவிங்கிப் புலிகளைக் குடியானவர்கள் சுட்டுக் கொன்று வந்தார்கள். 1994-ஆம் வருஷம் முதல் ஒரு சங்கத்தார் இந்தத் துருக்கி நாட்டு ஜாதி நாய்களைக் குடியானவர்களுக்குக் கொடுத்து வருகிறார்கள். நாய் குரைத்தால் சிவிங்கிப் புலி ஒதுங்கிப் போய்விடுகிறது. ஆடும் பிழைத்தது, சிவிங்கிப் புலியும் பிழைத்தது. மந்தை நாய்க்குப் பெருமானார் கொடுத்த விலக்கில் எத்தனை உயிர்களுக்கு ரஹ்மத் இருக்கிறது பாருங்கள்!

இப்படிப்பட்ட நாயை வீட்டு அறைக்குள் அடைத்தால் என்ன ஆகும்? இராத்திரி நேரம் அதற்கு வேலை நேரம். மின்தூக்கி திறக்கும் சப்தத்துக்கும், மேல் மாடியில் நாற்காலி நகரும் சப்தத்துக்கும் அது குரைக்கும். சுற்றி வர எல்லை தேடும், சுவர்தான் இருக்கும். கதவைப் பிறாண்டும். அண்டை வீட்டார் உறக்கம் கெடும். அது செய்வது குற்றமல்ல. அல்லாஹ் அதற்கு வைத்த இயல்பு. அதைத் தூக்கிவந்து இரண்டு அறை வீட்டில் வைத்துவிட்டுப் 'பிரியம்' என்று பெயர் சூட்டுகிறவனிடத்தில்தான் குற்றம். ஷரீஅத்து நாயை வாசலிலும் மந்தையிலும் நிறுத்தியது மனிதனுக்காக மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். நாய்க்கும் அதுவே நிம்மதி.

சிங்கப்பூரில் மந்தை ஏது என்று கேட்பீர்கள். தேக்காவுக்கு மீன் வாங்கப் போகிறோமே, அங்கே பஃபலோ ரோடு என்றும் கெர்பாவ் ரோடு என்றும் பெயர்ப் பலகை இருக்கிறது. கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமை. பிள்ளைகள் பிறக்கும் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரிக்கு அர்த்தம் எருமைத் தொழுவம்! சிராங்கூன் ரோட்டைச் சுற்றிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டுத் தொழுவங்களும் மாட்டு வியாபாரமும் கொழித்திருந்தன. பெலிலியோஸ் ரோடு ஒரு கால்நடை வியாபாரியின் பெயரால் ஏற்பட்டதுதான். நகரம் பெருகப் பெருகத் தொழுவங்கள் போயின. ஆட்டுப் பண்ணையும் மாட்டுப் பண்ணையும் தீவின் வட மேற்கு மூலையில் லிம் சூ காங் பக்கம் ஒதுங்கின. அங்கேயும் நிலக் குத்தகை முடிந்து பல பண்ணைகள் மூடப்பட்டன. நம் மார்சிலிங்குக்கு அருகிலே சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் மர ஆலைகளையும் இரும்புக் கிடங்குகளையும் காத்த நாய்கள் எத்தனையோ. ஒரு பட்டறை மூடினால் முதலாளி சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். நாயை ஏற்ற லாரியில் இடம் இருப்பதில்லை.

இனி, நாம் முன்பு சொன்ன விஷயத்துக்கு வருகிறோம். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு வாலிபர், இஷாவுக்குப் பின் கடை அடைக்கும் நேரத்தில் வந்தார். ஒரு சாமானும் வாங்கவில்லை, தராசைப் பார்த்துக்கொண்டே நின்றார். "என்ன தம்பி?" என்றோம்.

"மாமு, அத்தா வேலை பார்த்த ஆட்டுப் பண்ணையை மூடிட்டாங்க. ஆடெல்லாம் வித்தாச்சு. காவல் நாய் ஒண்ணு இருக்கு. முதலாளி, நீங்க எடுத்துக்கிட்டா எடுத்துக்குங்க, இல்லாட்டி ஆளைக் கூப்பிட்டுப் பிடிச்சுக் கொடுத்துடுவேன்னுட்டாரு. அத்தா அதை வீட்டுக்குக் கொண்டாறேன்னு நிக்கிறாரு. எட்டு வருஷம் நான் தூங்கினப்போ அது முழிச்சிருந்துச்சு, எப்படிடா விடுறதுங்கிறாரு. அம்மாவோ, நாய் படியேறினா நான் படியிறங்கிடுவேன், மலக்கு வராத வீட்டில் எனக்கு என்ன வேலைங்கிறாங்க. மூணு நாளா வீட்டில் சோறு ஆக்கியும் யாரும் சரியாச் சாப்பிடலை. நீங்க சொல்லுங்க மாமு, யார் சொல்றது சரி?"

சகோதரர்களே! இதைக் கேட்டு நமக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அந்தத் தாய் சொல்லுவது ஹதீஸ். அந்தத் தகப்பன் சொல்லுவதும் ஹதீஸ்தான், அவருக்குத் தெரியாவிட்டாலும்! தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவனை அல்லாஹ் மன்னித்தான் என்று பெருமானார் அறிவிக்கவில்லையா? உயிருள்ள எதற்குச் செய்யும் உபகாரத்திலும் கூலி உண்டு என்று ஸஹாபாக்களுக்கு அன்று தெளிவாக்கவில்லையா? பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்டவள் நரகத்துக்குப் போனதையும் அவர்கள்தாமே சொன்னார்கள்? நம் ஷாபிஈ கிதாபுகளில் தயம்மும் பாடத்தில் ஒரு மஸ்அலா வருகிறது. கையில் ஒளுச் செய்யும் அளவுக்கே தண்ணீர் இருக்கிறது. பக்கத்தில் கண்ணியத்துக்குரிய ஒரு ஜீவன் தாகத்தால் தவிக்கிறது. அப்போது தண்ணீரை அந்த ஜீவனுக்குக் கொடுத்துவிட்டு மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்து தொழ வேண்டும். காவல் காக்கும் நாயும் அந்தக் கண்ணியத்துக்குரிய ஜீவன்களில் சேர்ந்ததே. கடித்துக் கொல்லும் வெறிநாய்தான் அதில் சேராது. எந்த நாயின் எச்சிலுக்கு ஏழு தடவை கழுவச் சொன்னார்களோ அந்த நாய்க்காக ஒளுவின் தண்ணீரையும் விட்டுக்கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது!

அந்தத் தகப்பனுடைய கேள்வியின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. மந்தை இருந்தவரை அனுமதி இருந்தது. மந்தை போயிற்று. அனுமதியும் போயிற்றா? போயிற்று என்றால் நாயின் ஹக்கும் போயிற்றா? இதற்கு இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்களிடம் பதில் இருக்கிறது. ஹிஜ்ரி 660-ல் காலமான ஷாபிஈ இமாம். உலமாக்களின் சுல்தான் என்று பட்டம் பெற்றவர்கள். கால்நடைகளுக்கு மனிதர் மேல் உள்ள உரிமைகளை அவர்கள் வரிசைப்படுத்தியபோது, அந்தப் பிராணி கிழடு தட்டியோ நோயுற்றோ இனி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று ஆகிவிட்டாலும், அதற்கு வேண்டிய செலவைச் செய்வது உரியவன் மேல் கடமை என்று எழுதினார்கள். உழைத்தவரை தீனி, ஓய்ந்தபின் தெரு என்பது காபிரும் செய்யக் கூசும் கணக்கு. எட்டு வருஷத்துக் கூலி பாக்கியை யார் தீர்ப்பது?

அப்படியானால் வீட்டுக்குள் கொண்டு வரலாமா என்றால், அதுவும் இல்லை. நாம் அந்தத் தம்பியிடம் சொன்னோம்: "அத்தா நாயை விடக்கூடாது என்பது சரி. அம்மா நாயை உள்ளே விடக்கூடாது என்பதும் சரி. இரண்டு பேரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு, ஒரே கேள்வி என்று எண்ணிச் சண்டை போடுகிறார்கள்." செலவு செய்வது கடமை, சேர்ந்து உறங்குவது கடமையல்ல. இது போக, அடுக்குமாடி வீடுகளில் சர்க்கார் சட்டம் ஒன்று இருக்கிறதே! வீவக வீட்டில் அனுமதிக்கப்பட்ட சிறிய ஜாதி நாய் ஒன்றுதான் வைக்கலாம். 2012-ல் தொடங்கிய அடோர் திட்டத்தின் கீழ் உள்ளூர்க் கலப்பு நாய்களுக்கும் நிபந்தனையுடன் இடம் கொடுத்தார்கள். அதற்கும் உயர அளவு உண்டு, பிராணி நலச் சங்கங்களின் மூலமாகவே வர வேண்டும். அந்தப் பண்ணை நாய் இடுப்பு உயரம் நின்றது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எந்த நாய்க்கும் உரிமம் வேண்டும், தோலுக்கடியில் அடையாளச் சில்லு வேண்டும். 1953-ஆம் வருஷம் முதல் இந்தத் தீவில் வெறிநாய்க்கடி நோய் இல்லாமல் இருப்பதற்கு இந்தக் கட்டுப்பாடுகளும் காரணம். நாயைத் தெருவில் கைவிட்டாலோ முதல் குற்றத்துக்கே பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், பன்னிரண்டு மாதம் வரை சிறை. உடன்படிக்கைக்குக் கட்டுப்படுவது முஸ்லிமுக்கு இலட்சணம். வீட்டுச் சாவி வாங்கும்போது கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினோம்?

பிறகு விசாரித்ததில், கிராஞ்சிப் பக்கம் செடிப் பண்ணை வைத்திருக்கும் ஒரு சீனப் பெரியவருக்குக் காவலுக்கு நாய் தேவை என்று தெரிந்தது. பயிரைக் காக்கும் நாய்! ஹதீஸில் சொன்ன மூன்றில் ஒன்று. உரிமத்தை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அந்த அத்தா பேரனைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்வருகிறார். முதல் வாரம் நாய் உண்ணாமல் கிடந்ததாம். ஆடு இல்லையே என்று தேடியிருக்கும். இப்போது பூந்தொட்டி வரிசைகளைச் சுற்றி வருகிறதாம். வயதானபடியால் மருத்துவச் செலவு வரும். செடிப் பண்ணைக்காரர் பாதி தருகிறார். மீதிக்கு நம்மில் நாலு பேர் பங்கு போட்டிருக்கிறோம். ஒரு சகோதரர் தம் ஜகாத்திலிருந்து தரலாமா என்று கேட்டார். கூடாது. ஜகாத்துக்குத் திருமறை சொன்ன எட்டு வகையாரும் மனிதர்கள். இது ஸதகாவிலிருந்து போக வேண்டிய பணம்.

அந்தத் தாய் என்ன சொன்னார்கள் என்று கேட்பீர்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை தூக்குச் சட்டியில் எலும்புக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பியதே அவர்கள்தாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சில சகோதரர்கள் மின்தூக்கியில் அண்டை வீட்டார் நாயோடு நின்றால் பாம்பைக் கண்டதுபோல் துள்ளி வெளியே குதிக்கிறார்கள். சிலர் அந்தச் சீன அம்மாளையோ இந்து சகோதரரையோ முறைத்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அது ஹராமல்லவே! நாயின் மேனி முழுவதும் நஜீஸ் என்பதே ஷாபிஈ மத்ஹப். ஆனாலும் உலர்ந்தது உலர்ந்ததைத் தொட்டால் அசுத்தம் ஒட்டாது என்பதும் அதே மத்ஹப்தான். ஹனபீ மத்ஹபில் எச்சில் நஜீஸ். உரோமம் நஜீஸல்ல என்பது சரியான சொல். மாலிகிகளோ நாயே சுத்தமானது, ஏழு தடவை கழுவுவது கட்டளைக்குப் பணிவது மட்டுமே என்கிறார்கள். மரைக்காயர்மார் பெரும்பாலும் ஷாபிஈ, ராவுத்தர்மார் பெரும்பாலும் ஹனபீ. ஒரே மாடியில் இருவரும் இருப்பார்கள், பக்கத்தில் மலாய்க்காரர் ஷாபிஈயாக இருப்பார். ஒருவர் தம் மத்ஹபை வைத்து மற்றவரைப் பழிக்க வேண்டாம். பெருமானாரின் காலத்தில் மஸ்ஜிதுக்குள்ளேயே நாய்கள் வருவதும் போவதுமாய் இருந்தன, அதற்காக ஒன்றும் தண்ணீர் தெளிக்கவில்லை என்று இப்னு உமர் (ரலி) சொன்னது புகாரியில் இருக்கிறது. அது உலர்ந்த நாய் என்றே நம் இமாம்கள் பொருள் கொண்டார்கள். ஆகவே மின்தூக்கியில் ஓரடி விலகி நில்லுங்கள், நின்றவாறே அண்டை வீட்டாருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். 2014-ல் மலேசியாவில் நாயைத் தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் நடந்து, பெரிய கூச்சல் எழுந்தது. தொடுவதற்குக் கூட்டம் கூட்டவும் தேவையில்லை. தொட்டுவிட்டால் இஸ்லாமே போய்விட்டதாகக் கூச்சலிடவும் தேவையில்லை. ஈரத்தோடு பட்டுவிட்டால் கழுவிக்கொள்ளுவதற்கு வழி சொல்லித் தந்திருக்கிறார்கள்.

அந்த வழியையும் எழுதிவிடுகிறோம், ஏனெனில் அந்த அத்தாவும் பேரனும் திரும்பி வரும்போது இதைத்தான் கேட்டார்கள். ஷாபிஈகளுக்கு: நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். முதல் தடவையிலேயே மண்ணைச் சேர்ப்பது மேல். மலாய்ச் சகோதரர்கள் இதைச் சமாக் என்பார்கள். மண்ணுக்குப் பதில் சோப்புப் போதுமா என்று பலரும் கேட்கிறார்கள். மண்தான் வேண்டும் என்பதே மத்ஹபின் பலமான சொல். ஹனபீகள் மூன்று தடவை கழுவினால் போதும்.

மண் சுத்தமானதாயிருக்க வேண்டும். இதிலேதான் அடுக்குமாடிவாசிகள் இடறுகிறார்கள். கடைகளில் பையில் அடைத்து விற்கும் தோட்டத்து மண்ணில் பெரும்பாலும் கோழி எருவோ மாட்டெருவோ கலந்திருக்கும். ஷாபிஈ மத்ஹபில் எரு நஜீஸ், அதைக் கொண்டு கழுவினால் கழுவியதாகாது. பையின் மேல் எழுதியிருப்பதை வாசித்துப் பார்த்து வாங்குங்கள். மாடிப்படிக்குக் கீழே புல் தரையிலிருந்து அள்ளுகிறவர்களும், அங்கே காலையில் எத்தனை நாய்கள் உலாவப் போயின என்பதை எண்ணிக்கொள்ளவும். ஒன்றும் கலக்காத உலர்ந்த களிமண்ணைச் சலித்து ஒரு டப்பாவில் நம் கடையில் வைத்திருக்கிறோம். காசு வேண்டாம், வீட்டிலிருந்து ஒரு சிறு புட்டி கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போகலாம்.

வஸ்ஸலாம்.